தண்ணீர் குடிக்காத கார்

ஏற்காடு மலைப்பாதை. பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியிருப்பேன். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் பானெட் இடுக்கிலிருந்து ஆவி. இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று.

ஓரங்கட்டினேன். பானெட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் மூடி கண்ணில் பட்டது. தண்ணீர் இல்லை போலிருக்கிறது, ஊற்றினால் சரியாகிவிடும் என்று கைக்குட்டையை மடித்து மூடிமேல் வைத்தேன்.

"சார்! மூடியத் தொடாதீங்க! மூஞ்சி வெந்துடும்!"

பின்னால் வந்த லாரியின் டிரைவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று பிற்பாடுதான் தெரிந்தது. ரேடியேட்டர் என்பது ஒரு பிரஷர் குக்கர். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே 100 டிகிரிக்கு மேல் போனாலும் தண்ணீர் கொதிக்காமல் சமாளிக்கும். வெயிட்டைப் பிடுங்கினால் என்ன ஆகும்? குக்கரில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். உங்கள் முகத்தில் நடக்கும்.

போன் போட்டு, அடிவாரத்திலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தவர் காரைத் தொடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஓடுறப்ப சூடாகுதா சார், நிக்கிறப்ப சூடாகுதா?"

எனக்குத் தெரியவில்லை. பி.காம். படிப்பில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை. அவரே விளக்கினார். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடானால் ஃபேன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வேகமாக ஓடும்போதும் மேட்டில் ஏறும்போதும் சூடானால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் வால்வு, ரேடியேட்டர் அடைப்பு, இந்த மூன்றில் ஒன்று. எதுவுமே இல்லாமல் தண்ணீர் மட்டும் மாயமாகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட். பர்ஸைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் பதமாகத் தொட்டுப் பார்த்தார். மேல் ஹோஸ் கொதித்தது. கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தது.

"மேல இருக்கறது கீழ வரல சார். அடைச்சிருக்கு. எத்தன வருஷமா போர் தண்ணி ஊத்துறீங்க?"

ஆறு வருஷம். குற்றவாளி நான்தான். கூலண்ட் வாங்கக் கஞ்சத்தனப்பட்டு உப்புத் தண்ணீராக ஊற்றி ஊற்றி, ரேடியேட்டர் உள்ளே சுண்ணாம்பு கட்டிப்போயிருந்தது. நன்றாக ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, அந்த வெயிலிலும் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு (அது என்ஜினின் சூட்டைக் கொஞ்சம் வாங்கி நம் மேல் ஊதும்) மெதுவாக இறங்கி வந்து சேர்ந்தோம்.

விஷயம் என் கார் அல்ல. அந்த மெக்கானிக்கின் கேள்வி. கிட்டத்தட்ட அதே கேள்வியை 1920-களில் அமெரிக்காவில் சில பெரிய மனிதர்கள் நேரத்துக்குக் கேட்டிருந்தால், ஒரு மகத்தான விஞ்ஞானியின் மானம் கப்பலேறியிருக்காது.

*

ஆரம்பத்திலிருந்தே வருவோம்.

பெட்ரோல் என்ஜின் என்பது அடிப்படையில் ஓர் அடுப்பு. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது. மீதியை யாராவது வெளியே அள்ளிக் கொட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு, சீஸ் ஆகி, ஜென்மத்துக்கும் நகராது.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஒரு பெண்மணி, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, அவர் கண்டுபிடித்த மூன்று சக்கர வண்டியில் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினார். பெர்த்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸ். போன இடம் ஃபோர்ட்ஸ்ஹைம். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உலகின் முதல் நெடுந்தூர கார் பயணம் அதுதான்.

வழியில் பெட்ரோல் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார் என்பதெல்லாம் பிரசித்தம். அதிகம் பேசப்படாதது தண்ணீர். அந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர், அது கொதித்து ஆவியாகப் போகும், அவ்வளவுதான் குளிர்விக்கும் ஏற்பாடு. போகும் வழியெல்லாம் சத்திரம், ஓடை, வாய்க்கால் என்று கண்ட இடத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார் அம்மணி. மாட்டு வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாரே, அந்த மாதிரி.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மேபாக். டைம்லர் கம்பெனியின் மூளை. 1900 கடைசியில் அவர் செய்து முடித்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரின் முகப்பில் தேனடை மாதிரி ஒரு சமாசாரம் இருந்தது. ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள 8,070 சின்னச் சின்னச் சதுரக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்த ரேடியேட்டர். குழாய் வழியே காற்று, இடுக்கு வழியே தண்ணீர். பின்னால் ஒரு ஃபேன். முன்பு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதுமென்று ஆயிற்று. இன்றைக்கும் உங்கள் காரின் மூக்கில் உட்கார்ந்திருப்பது அந்தத் தேனடையின் பேரப் பிள்ளைதான்.

சரி, பிரச்னை தீர்ந்ததா? பாதி. ஐரோப்பா, அமெரிக்காவின் குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் ராத்திரி உறைந்து, விரிந்து, என்ஜினையே பிளந்துவிடும். ஆல்கஹால் கலந்தார்கள். அது சூட்டில் ஆவியாகிப் போயிற்று. ஹோஸ் ஒழுகும். பம்ப் கெடும். கோடையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடிமேல் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, அதன் சிவப்புக் கோட்டைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று பெயர். சக்கைப் போடு போட்டது. ஜுரம் வந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட மாதிரி பயணம்.

அப்போதுதான் ஒருவர் கேட்டார். எதற்கு இந்தத் தண்ணீர்? தூக்கிப் போட்டுவிட்டால் என்ன?

*

சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலத்துக் கிராமத்து ஆள். கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தவர். கிராங்க் கம்பியைச் சுழற்றிக் கை ஒடித்துக்கொண்டிருந்த கார் உலகத்துக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்தவர். 1912 மாடல் காடிலாக்கில் அது வந்ததும் ஒரே நாளில் ஹீரோ. ஜெனரல் மோட்டார்ஸ் அவரைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக்கிக்கொண்டது. டேட்டன் நகரில் லேப்.

காற்றால் குளிரும் என்ஜின் புதிதல்ல. ஃபிராங்க்ளின் என்ற கம்பெனி 1902-லிருந்தே விற்றுக்கொண்டிருந்தது. நம் புல்லட் பைக் என்ஜினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்குமே, அதே சித்தாந்தம். கெட்டரிங் சேர்த்த மசாலா, செம்பு. இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் உலோகம். அடியில் செம்பு போட்ட பாத்திரம் ஏன் சீராகச் சூடாகிறது என்று கேட்டுப் பாருங்கள், வீட்டில் சொல்வார்கள். இரும்பு சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளை உருக்கி ஒட்டி, முன்னால் ஒரு ஃபேனை வைத்தார். ரேடியேட்டர் வேண்டாம். ஹோஸ் வேண்டாம். பம்ப் வேண்டாம். எடை குறைவு. உறையாது, ஒழுகாது. கேட்கவே தேவாமிர்தமாக இருக்கிறது அல்லவா?

கேட்டவருக்கும் அப்படித்தான் இருந்தது. கேட்டவர் பியர் து பாண்ட். வெடிமருந்துக் குடும்பத்துப் பெரிய தலை. 1920 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸின் நிறுவனர் வில்லியம் டூரண்ட் பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டு வெளியேற, பியர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நிலைமை மோசம். 1921-ல் அமெரிக்காவில் விற்ற கார், லாரிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் ஃபோர்டு. செவர்லே வெறும் 4 சதவீதம். அந்த வருஷம் செவர்லேவின் நஷ்டம் 80 லட்சம் டாலருக்கு மேல். இழுத்து மூடிவிடுங்கள் என்று ஆலோசகர்களே சொன்னார்கள்.

ஃபோர்டை அடிக்க ஓர் ஆயுதம் வேண்டும். கெட்டரிங் கையில் ஆயுதம் இருக்கிறது. பியர் முடிவெடுத்துவிட்டார். செவர்லேவில் நான்கு சிலிண்டர் செம்பு என்ஜின், ஓக்லண்ட் பிரிவில் ஆறு சிலிண்டர் செம்பு என்ஜின். தண்ணீருக்கு டாட்டா.

இங்கேதான் வினை.

1921 கடைசியில் ஆறு சிலிண்டர் கார் டேட்டன் லேபிலிருந்து ஓக்லண்ட் தொழிற்சாலைக்கு வந்தது. டேட்டனில் நன்றாகத்தான் ஓடியது என்றார் கெட்டரிங். ஓக்லண்ட் என்ஜினியர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேறாது என்றார்கள். இதைச் சரிசெய்ய இன்னும் ஆறு மாதமாவது வேண்டும் என்று அந்தப் பிரிவின் தலைவர் நவம்பரில் எழுதினார்.

கெட்டரிங் நொறுங்கிப்போனார். அவ்வளவு பெரிய மனிதரைச் சமாதானப்படுத்த, 'உங்கள் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது' என்கிற ரீதியில் கம்பெனியின் உச்சக் கமிட்டி உறுப்பினர்கள் அந்த மாதக் கடைசியில் ஒரு கடிதம் எழுதினார்கள். நல்ல மனசு. ஆனால் யோசித்துப் பாருங்கள். என்ஜின் சூடாகிறது என்பது புகார். மனிதரைக் குளிர்வித்தார்கள். என்ஜின் அப்படியே இருந்தது.

அது ஏன் சூடாயிற்று? ஒரு படி தண்ணீர் தாங்கிக்கொள்கிற சூடு, ஒரு படி காற்று தாங்குவதைப்போல 3,000 மடங்குக்கு மேல். ஆகவே காற்றை நம்புகிறவர் ஏராளமான காற்றை, சரியான இடத்தில், ஓயாமல் ஊத வேண்டும். எங்காவது ஒரு மூலையில் காற்று போதவில்லையென்றால் அந்த இடம் பழுக்கும். பழுத்த இடம் தீக்குச்சி ஆகிவிடும். ஸ்பார்க் பிளக் தீ வைப்பதற்கு முன்பே பெட்ரோல் ஆவி தானாகப் பற்றிக்கொள்ளும். மேலே வரும் பிஸ்டனை அந்த வெடிப்பு கீழே தள்ளப் பார்க்கும். டிரைவருக்கு என்ன தெரியும்? என்ஜின் சூடேறியதும் இழுவை போய்விடும். கடகடவென்று சத்தம் வரும். செம்பு என்ஜினின் வியாதி இதுதான்.

மருந்து இருந்திருக்கலாம். ஆனால் நோய் எங்கே என்று ஒப்புக்கொண்டால்தானே? லேப் ஆசாமிகள், தொழிற்சாலைக்காரர்கள் வேண்டுமென்றே காலை வாருகிறார்கள் என்றார்கள். தொழிற்சாலைக்காரர்கள், லேபில் ஒரு காரை ஓட்டிக் காட்டுவது வேறு, மாதம் ஆயிரக்கணக்கில் செய்து விற்பது வேறு என்றார்கள். விற்ற பிறகு வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கப்போவது அவர்கள்தானே?

என் மெக்கானிக் பாஷையில் சொன்னால், மேல் ஹோஸ் கொதிக்கிறது. கீழ் ஹோஸ் ஜில். நடுவே அடைப்பு.

*

அடைப்பைச் சரியாகத் தொட்டுப் பார்த்தவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். பியருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். ஒல்லியான, உயரமான, அதிகம் சிரிக்காத மனிதர். அவரும் என்ஜினியர்தான். ஆனால் செம்பா, தண்ணீரா என்கிற பட்டிமன்றத்தில் அவர் இறங்கவே இல்லை. அவர் கேட்டது வேறு. கார் செய்து விற்கும் பொறுப்பு பிரிவுத் தலைவருக்கு. என்ஜினைத் தீர்மானிக்கும் அதிகாரம் லேபுக்கு. அப்படியானால் தோற்றால் யார் பதில் சொல்வது?

தலைவரை எதிர்க்க முடியாது. ஆகவே ஸ்லோன் ஒரு காரியம் செய்தார். செம்பு என்ஜின் வேலை நடக்கட்டும், பழைய தண்ணீர் காரை மேம்படுத்தும் வேலையும் பக்கத்திலேயே நடக்கட்டும் என்று இரட்டைத் தண்டவாளம் போட்டு வைத்தார். பி.காம். பாஷையில் இதற்கு இன்ஷூரன்ஸ் என்று பெயர்.

1923 ஜனவரி. நியூயார்க் கார் கண்காட்சி. செம்பு செவர்லே மேடையேறியது. சாதா செவர்லேவைவிடச் சுமார் 200 டாலர் விலை அதிகம். கூட்டம் வாயைப் பிளந்தது. பிப்ரவரியில் மாதம் 1,000 கார், அக்டோபருக்குள் மாதம் 50,000 கார் என்று திட்டம்.

நடந்தது என்ன? மொத்தமே 759 கார்கள்தான் தயாராயின. அதில் 239-ஐத் தொழிற்சாலையிலேயே உடைத்துப் போட்டுவிட்டார்கள். மீதி சுமார் 500-ல் 150-ஐக் கம்பெனியின் ஆட்களே ஓட்டினார்கள். 300-க்கும் கொஞ்சம் மேல் டீலர்களிடம் போயிற்று. நிஜமாகக் காசு கொடுத்து வாங்கிய பொதுஜனம் சுமார் 100 பேர். புகார்கள் வந்து குவிந்தன.

இன்னொரு பக்கம் வேடிக்கையைப் பாருங்கள். அந்த வருஷம் அமெரிக்காவில் கார் விற்பனை எகிறியது. கார், லாரி எல்லாம் சேர்த்து முதன்முறையாக 40 லட்சத்தைத் தொட்டது. ஜனங்கள் காசை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கொடுக்க ஸ்லோன் காப்பாற்றி வைத்திருந்த பழைய தண்ணீர் செவர்லே இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் செவர்லே என்ற பெயரே இன்றைக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

மே 10-ம் தேதி பியர் பதவி விலகினார். ஸ்லோன் தலைவரானார். ஜூனில் விற்ற செம்பு கார்களையெல்லாம் திரும்பப் பெற உத்தரவு.

ஜூன் 30-ம் தேதி கெட்டரிங்கிடமிருந்து ஸ்லோனுக்குக் கடிதம் வந்தது. கம்பெனிக்குள் இருக்கும் எதிர்ப்புதான் தன் என்ஜினைத் தோற்கடித்தது என்று குமுறியிருந்தார். வெளியேறவும் தயார் என்றார்.

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்திருப்போம்? கோடிக்கணக்கில் நஷ்டம். ஊர் சிரிக்கிறது. ஆள் வேறு கோபித்துக்கொள்கிறார். 'போய்ட்டு வாங்க சார்' என்று மாலை போட்டு அனுப்பியிருப்போம். ஸ்லோன் அனுப்பவில்லை. உங்கள் என்ஜின் தப்பு என்று வாதாடவும் இல்லை. டேட்டனிலேயே தனியாக ஒரு சின்ன அமைப்பு, உங்கள் பொறுப்பிலேயே, செம்பு காரை நீங்களே செய்து நீங்களே விற்றுப் பாருங்கள், செவர்லே பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றார். பொறுப்பையும் அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுத்துவிட்டார். கெட்டரிங் தங்கிவிட்டார். செம்பு என்ஜின் சத்தமில்லாமல் காலாவதி ஆயிற்று.

*

நான்கே வருஷம். 1927-ல் செவர்லே விற்பனையில் ஃபோர்டை முந்தியது. ஓடியது தண்ணீரில் குளிரும் என்ஜின்தான்.

கெட்டரிங்கின் காற்றுக் கனவு முட்டாள்தனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் இல்லாத ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2 கோடிக்கு மேல் விற்றது. போர்ஷே 911 தன் காற்று என்ஜினை 1998-ல்தான் கைவிட்டது. நினைப்பு சரி. பக்குவம் வருவதற்கு முன்பே பந்தியில் பரிமாறிவிட்டார்கள்.

அவருடைய லேபின் மற்ற கதைகளும் விசித்திரம். என்ஜின் 'கடகட' சத்தத்துக்கு மருந்து தேடிய அவருடைய சகா தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் பெட்ரோலில் ஈயம் கலந்தால் சத்தம் நிற்கும் என்று கண்டுபிடித்தார். செம்பு கார் தோற்ற அதே 1923-ல் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஜெயித்தது. உலகம் முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. இந்தியாவில் 2000-ல்தான் அதற்கு விடை கொடுத்தோம். கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல். தோற்ற கண்டுபிடிப்பால் பெரிதாக யாருக்கும் கெடுதல் இல்லை. ஜெயித்ததுதான் நூறு வருஷம் விஷம் கக்கியது. மார்க்கெட்டின் தீர்ப்பு எல்லா நேரமும் கடைசித் தீர்ப்பு இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஸ்லோன் 1964-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இந்தச் செம்பு விவகாரத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். என்ஜின் யார் பக்கம் நியாயம் சொன்னது என்று அதில் தீர்ப்பு எழுதவில்லை. ஒரு நிர்வாகம் எங்கே சூடானது, எப்படி ஆற்றினோம் என்று எழுதினார். இன்றைக்கும் மேனேஜ்மென்ட் படிக்கிறவர்களுக்கு அது பாடம்.

அழித்தது போக மிஞ்சிய செம்பு கார் ஒன்றை இன்றும் பார்க்கலாம். எங்கே தெரியுமா? டியர்பார்னில், ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில். யாரை அடிக்கச் செய்தார்களோ, அவர் வீட்டுக் கூடத்திலேயே!

அந்த இரண்டு பேர்? கெட்டரிங் 1947-ல் ஓய்வு பெறும்வரை அதே கம்பெனியில் இருந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1945-ல், நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். பணம் ஒருவருடையது, ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்ற யோசனை இன்னொருவருடையது. இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் நம்பிக்கையோடு போகிற அந்த ஆஸ்பத்திரியின் பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்.

சூடானால் உடனே மூடியைத் திறக்காதே, ஆறவிடு என்று அந்த லாரி டிரைவர் சொன்னது ரேடியேட்டருக்கு மட்டும்தானா, என்ன?